வக்கீல் அங்கியும் பில் புத்தகமும்

சட்டம் படிக்கிற எல்லாருக்கும் முதல் ஆண்டிலேயே மொஹோரி பீபி வழக்கு வந்துவிடும். வயது வராதவர் போட்ட ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு. வேறு ஊர்களில் அது தேர்வுக் கேள்வி. கொல்கத்தாவில் படித்த எனக்கு உள்ளூர்ச் சங்கதி. வட்டிக்குப் பணம் கொடுத்த பிரம்மோ தத் இந்த ஊரில் தொழில் நடத்தியவர். கடன் வாங்கிய தர்மதாஸுக்கு இன்னும் வயது வரவில்லை என்று தாயார் முன்கூட்டியே நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அது தெரிந்தும் 20,000 ரூபாய்க்கு அடமானப் பத்திரம் எழுதினார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்து, லண்டன் வரை போனது.

அந்த நீதிமன்றத்தை ஒட்டிய பழைய போஸ்ட் ஆபீஸ் தெருவில் இப்போதும் வக்கீல் அலுவலகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. விடுமுறைகளில் அங்கே ஒரு சீனியரிடம் பயிற்சிக்குப் போவேன். கையெழுத்தாகாத பத்திரம், தேதி போடாத ரசீது என்று காகிதம் சரியில்லாமல் மனிதர்கள் சொத்தை இழப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது அங்கேதான்.

நான் படித்தது சால்ட் லேக்கில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம். பெங்களூரு சட்டப் பள்ளியை உருவாக்கிய மாதவ மேனன்தான் 1999-ல் தொடங்கிய இதற்கும் முதல் துணைவேந்தர். ஐந்து வருடப் படிப்பு முடிகிறபோது பெரும்பாலோர் கண் பெரிய சட்ட நிறுவனங்கள் மீதுதான் இருக்கும். ஆனால் வேறு வழி காட்டியவர்களும் அங்கே இருந்தார்கள். பேராசிரியர் ஷம்னாத் பஷீர், ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பார்வையற்ற பிள்ளைகளும் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்குள் வர வேண்டும் என்று 2010-ல் ‘ஐடியா’ அமைப்பைத் தொடங்கினார். 2019-ல் அவர் இறந்தபோது, அந்த வழியாக வந்து வக்கீலானவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். அங்கே படித்த ராமானுஜ் முகர்ஜியும் அப்யுதய் அகர்வாலும் சட்டம் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாக்கினார்கள். அவர்களுடைய லாசிகோவை நடத்தும் நிறுவனம் 2024 ஜனவரியில் பங்குச் சந்தையின் சிறு நிறுவனப் பிரிவுக்கு வந்தது.

எனக்கும் தொழில் ஆசை வந்தது. அதற்கு விலை இருந்தது. வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர் தானே முன்நின்று வணிகம் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. தொழிலில் தலையிடாத பங்குதாரராக இருக்கலாம், அதுவும் வக்கீல் தொழிலின் கௌரவத்துக்குப் பொருந்துகிற வணிகமானால். கடை திறக்க வேண்டுமென்றால் பிராக்டிஸை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தா. ஆயுள் முழுக்க மற்றவர்களுடைய அங்கியை மடித்து வைத்தவர். “ஏம்மா, எம் பொண்ணு கோட்டு போட்டுக்கிட்டு கோர்ட்டுல நிப்பான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே” என்றார் போனில். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த விதியை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன். கட்சிக்காரனின் வழக்கைக் கையில் வைத்திருப்பவருக்கு வேறு லாப நோக்கு இருக்கக் கூடாது என்பது நியாயம். ஆனால் இருபத்து மூன்று வயதில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது சுலபமில்லை.

போட வைத்தது டாப்சியா பக்கத்தில் தோல் பை தைக்கும் ஒரு பட்டறை. உரிமையாளர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். எந்தக் கடைக்கு எத்தனை பை போனது என்று பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார். சரக்கு வாங்கியவரின் கையெழுத்து ஒரு சலானில்கூட இல்லை. “கேட்டா அடுத்த ஆர்டர் வராது, தீதி” என்றார். பாக்கி மாதக்கணக்கில் நின்றது.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சிறு உற்பத்தியாளருக்கான பணத்தைப் பேசிய தவணைக்குள் கொடுக்க வேண்டும்; எழுதிப் பேசினாலும் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மாநிலத்தில் இதற்கென்றே ஒரு கவுன்சில் இருக்கிறது. அதன் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் வாங்கியவர் முதலில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். ஆனால் நாள் கணக்கு, சரக்கு கைமாறிய தேதியில் தொடங்குகிறது. அந்தத் தேதிக்குச் சான்று சலானில் இருக்கும் கையெழுத்துதான்.

அந்தக் கையெழுத்தை வாங்கி வைப்பதுதான் என் நிறுவனத்தின் வேலை. ஆர்டர் கடிதம், தேதி போட்ட சலான், சிறு தொழில் பதிவுக்கான உத்யம் எண் அச்சிட்ட பில் புத்தகம் மூன்றையும் வங்காளத்திலும் இந்தியிலும் பட்டறைக்குப் பட்டறை தயார் செய்து கொடுக்கிறோம். வழக்கு என்று வந்தால் வக்கீலிடம் அனுப்பிவிடுவோம். பையை வாங்கும் கடைக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குவார். எல்லாப் பட்டறைகளும் ஒரே மாதிரி கேட்கத் தொடங்கினால் போட்டுவிடுவார். எங்கள் வருமானம் இந்த ஒரு மாற்றத்தை நம்பித்தான் இருக்கிறது.

இந்த ஊரில் சட்டத்திலிருந்து வணிகத்துக்கு வந்தவர்களில் மூத்தவர் துவாரகநாத் தாகூர். ஒரு ஆங்கிலேய பாரிஸ்டரிடம் சட்டம் கற்று ஜமீன்தார்களுக்கு ஆலோசகராக இருந்தவர், 1834-ல் கார், தாகூர் கம்பெனியைத் தொடங்கினார். 1836-ல் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை வாங்கினார். சட்டம் தெரிந்தவராதலால் சொத்தில் ஒரு பகுதியைக் கடன்காரர்கள் தொட முடியாதபடி அறக்கட்டளைப் பத்திரத்தில் வைத்தார். 1846-ல் அவர் இறந்தார். 1848-ல் கம்பெனி விழுந்தது. மகன் தேவேந்திரநாத், அந்தப் பத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், அறக்கட்டளைச் சொத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடன்காரர்கள் முன்னால் சொன்னார். பிற்பாடு பாக்கியை வருடக்கணக்கில் அடைத்தார். தந்தையின் துணிச்சலை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு மகன்மேல்தான் மரியாதை. தர வேண்டியதைத் தருவதற்குச் சட்டம் கட்டாயப்படுத்தும்வரை அவர் காத்திருக்கவில்லை. பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர்களிடம் பேசப் போகும்போதெல்லாம் அவரைப் பற்றித்தான் சொல்கிறேன். கொல்கத்தாவில் தாகூர் வீட்டுப் பெயரைச் சொன்னால் யாராக இருந்தாலும் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

சட்டக் கல்லூரிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்காக மாணவர்களை நாடு முழுக்க அனுப்புகிறீர்கள். வருடத்தில் சில நாட்களாவது சிறு தொழில் கவுன்சிலின் விசாரணைக்கும் அனுப்புங்கள். அங்கே பென்சில் நோட்டோடு வந்து நிற்பவர்களுக்கு ஒரு மனுவை ஒழுங்காக எழுதிக் கொடுக்க இரண்டாம் ஆண்டு மாணவரே போதும்.