பாட்டிக்கு ஒரு கைப்பிடி

பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டிக்கு, அப்பாவின் பழைய ஹைலக்ஸில் ஏற என் தோள் தேவைப்பட்டது. அந்த வெட்கத்தில் மருத்துவமனைக்கே வரமாட்டேன் என்றார்.

விடுமுறையில் ஒரு கைப்பிடி வாங்கி, முன்கண்ணாடித் தூணின் பிளாஸ்டிக் உறைமேல் திருகினேன். அப்பா ஒருமுறை இழுத்தார், கையோடு வந்துவிட்டது.

“பாட்டி விழுந்திருந்தா?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. உறையைக் கழற்றினேன். உள்ளே இரும்பில் மறையுள்ள இரண்டு துளைகள் தயாராகவே இருந்தன! (புது வண்டிகளில் அங்கே காற்றுப்பை இருக்கலாம், கண்டபடி துளை போட்டுவிடாதீர்கள்.) போல்ட்டை இறுக்கி, நானே தொங்கிப் பார்த்தேன்.

மறுநாள் பாட்டி இடக்கையால் பிடித்தார், ஏறினார்.

“கதவச் சாத்துடா, நேரமாச்சு.”