பலம் எங்கே இருக்கிறது

மின்மோட்டாரில் பறக்கும் மாதிரி விமானத்தின் மூக்கில் ஒரு சின்ன ப்ளைவுட் தகடு இருக்கும். ஃபயர்வால் என்பார்கள். மோட்டாரை அதில்தான் பொருத்துவார்கள். மோட்டார் இழுக்கும்போது மொத்த விமானமும் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வருகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றும் விசிறி கொஞ்சம் சமநிலை தவறினால், அந்தத் தகடு நொடிக்கு 150 முறை உதறல் வாங்கும்.

பொறியியல் கல்லூரியில் மாதிரி விமானக் குழுவில் சேர்ந்தபோது, பெண்கள் இருவர் கையிலும் இஸ்திரிப்பெட்டியைக் கொடுத்தார்கள். இறக்கைமேல் பிளாஸ்டிக் படலத்தைச் சூடாக்கி ஒட்டுவது எங்கள் வேலை. “உங்களுக்குத்தான் சுருக்கம் விழாம வரும். மோட்டார் பக்கம் பலம் வேணும்மா” என்றார் சீனியர் அண்ணா. சூடு கூடினால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும். லேசான வேலை இல்லை. ஆனால் அந்தத் திறமையை யாரும் தொழில்நுட்பம் என்று சொல்லவில்லை. பெண் கைக்குத் தானாக வருவது என்றார்கள்.

அடுத்த விமானத்துக்கு மோட்டார் மவுண்ட் செய்யும் வேலையைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பலம் எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. பால்சா மரம் லேசானது. ஸ்க்ரூவைப் பிடித்து நிற்காது. ப்ளைவுட்டில் ஓர் அடுக்கின் ரேகை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் ஓடுவதால் சுலபத்தில் பிளக்காது. தகடு உடற்பகுதியோடு சேரும் மூலைகளில் முக்கோணக் குச்சிகளை ஒட்டினால் பசை பிடிக்கும் பரப்பு கூடும். 5 நிமிடத்தில் இறுகும் எபாக்சியைவிட 30 நிமிட எபாக்சி மரத்தில் ஊற நேரம் தரும். தகட்டின் பின்னால் பல் வைத்த நட்டு, முன்னாலிருந்து 3 மி.மீ. ஸ்க்ரூ, மரை கழலாமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு. விசிறியின் சுழற்சி விமானத்தை இடப்பக்கம் இழுக்கும் என்பதால் மோட்டாரை ஓரிரண்டு டிகிரி வலப்பக்கம் திருப்ப வேண்டும். இடப்பக்க ஸ்க்ரூக்களில் வாஷர் போட்டால் போதும். எந்த இடத்திலும் புஜபலம் தேவைப்படவில்லை. ஒருமுறை மூக்கு தரையில் மோதி விசிறி உடைந்தது, தகடு அசையவில்லை.

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் அருகே வாழ்ந்த லிலியன் பிளாண்ட், முதலில் மாதிரி கிளைடர்கள் செய்து பார்த்தார். பிறகு ‘மேஃபிளை’ என்ற விமானத்தைத் தானே வடிவமைத்துக் கட்டி 1910-இல் பறந்தார். 20 குதிரைத்திறன் எஞ்சின் வந்தது, பெட்ரோல் தொட்டி வரவில்லை. காலி விஸ்கி பாட்டிலையும் அத்தையின் காதுக்குழலையும் வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். அதன் அதிர்வில் நட்டுகள் தளர்ந்தன, கம்பிகள் அறுந்தன. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. பறப்பதை விட்டால் கார் வாங்கித் தருகிறேன் என்றார் அப்பா. மகள் விட்டுவிட்டார்.

நம்மை விலக்குகிறவர்கள் எப்போதும் அதட்டுவதில்லை. பிரியமாகப் பேசி, பாதுகாப்பான இன்னொன்றைக் கையில் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வதா என்று முடிவெடுக்கும் முன், பாரம் தாங்கும் பாகத்தை யார் செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். அதைச் செய்யக் கற்றுக்கொள்ள முடியும்.