பெடலின் கனம் எங்கே இருக்கிறது?

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தமிழ்நாட்டுக் கார்கள் வருவதற்கு ரங்கநாதர் ஒருவர் போதும். காவிரி வளைத்துக்கொண்ட இந்தத் தீவில் பள்ளிகொண்டவர் ஆதிரங்கர். சிவனசமுத்திரத்து மத்தியரங்கரையும் நம் ஸ்ரீரங்கத்துப் பெருமாளையும் சேர்த்து ஒரே நாளில் சேவித்துவிடக் கிளம்புகிற குடும்பங்கள் உண்டு. கோவை, ஈரோட்டுக்காரர்கள் சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் ஏறி வருவார்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள். லாரிக்குப் பின்னால் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று ஏறும்போதுதான் பழைய காரின் கிளட்ச் தன் வயதைச் சொல்லும்.

அப்படி ஏறி வந்த வண்டிகள் ஒதுங்குகிற ஒரு பட்டறையில், ஊருக்குள் வரும் பழைய மைசூர் சாலையோரம், மேஸ்திரியின் அனுமதியோடு உட்கார்ந்திருந்தேன். 2023 மார்ச்சில் பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலை திறந்த பிறகு வெளியூர்க் கார்கள் புறவழியிலேயே போய்விடுகின்றன. மிச்சம் இருப்பது ஊர் வண்டி, ஆட்டோ, கோயிலுக்கு வந்து கால் வலித்தவர்கள். மேஸ்திரி ஐம்பதைத் தாண்டியவர். பையன்களிடம் கன்னடம், உதிரிபாகக் கடைக்காரரிடம் உருது, என்னிடம் தமிழ்.

திருப்பூரிலிருந்து வந்த ஒரு மாருதி 800. இந்த மாடல் 1983-இல் வந்தது, 2014-இல் உற்பத்தி நின்றது. ஆனாலும் பட்டறைகளுக்கு அது இன்னும் பிழைப்பு. பெரியவர் இறங்கி, “கிளட்ச் ரொம்ப ஹார்டா இருக்குங்க, மேஸ்திரி” என்றார். பையன் ஏறி ஒருமுறை மிதித்துவிட்டு, “பெடல் கட்டி இதெ” என்று உள்ளே குரல் கொடுத்தான்.

“கோயமுத்தூர்ல காட்டினேன். கிளட்ச் செட்டே மாத்தணும்னுட்டாங்க” என்றார் பெரியவர்.

“இருக்கலாம் சார். பாத்துட்டுச் சொல்றேன்.”

அந்தப் ‘பாத்துட்டு’தான் இந்தத் தொழில். கிளட்ச் கனமாக இருக்கிறது என்றால் கனம் பெடலில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், கியர்பாக்ஸில் நீட்டிக்கொண்டிருக்கும் லீவர் தண்டில் இருக்கலாம், அதற்கும் உள்ளே பிரஷர் பிளேட்டில் இருக்கலாம். மிதிக்கிற காலுக்கு எல்லாம் ஒன்றுதான். கடைசி இடத்தைப் பார்க்க கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலி ஏறும். ஆகவே மலிவான இடத்திலிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும். எடுத்ததுமே செட்டு மாற்றச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. புதுப்பிளேட் போட்ட பிறகும் காய்ந்துபோன கேபிளோடு வண்டியைத் திருப்பிக் கொடுத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

மேஸ்திரி பானெட்டைத் திறந்து, லீவர் முனையில் இருந்த நட்டைக் கழற்றிக் கேபிளை விடுவித்தார். உள்கம்பியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். பையன் பெடலை மெல்ல அமுக்கினான். கம்பி உரசாமல் ஓடுகிறதா, எங்காவது பிடித்து விடுகிறதா என்பது அந்த விரல்களுக்குத் தெரியும். உறைக்குள் ஒரு இழை அறுந்திருந்தாலும் நெருடும். இது கொஞ்சம் பிடித்தது. ஆணியில் தொங்கிய இன்னொரு கேபிளை எடுத்து மாட்டச் சொன்னார். விற்பதற்கு அல்ல, சோதனைக்கென்றே வைத்திருப்பது. எண்ணெய் விட்டால் சரியாகாதா என்று கேட்டேன். உள்ளே நைலான் உறை இருக்கிற கேபிளில் எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலும் இறுகும் என்றார். அம்பாஸடரில் கேபிளே கிடையாது, எண்ணெய் அழுத்தம்தான். அங்கே தப்பான எண்ணெய் ஊற்றிவிட்டால் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் உப்பிக்கொண்டு பெடல் திரும்பி வராது. அது வேறு வைத்தியம்.

சோதனைக் கேபிளிலும் பெடல் அதே கனம். பாக்ஸ் இறங்கியது.

பிரஷர் பிளேட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நடுவில் விசிறிபோல் விரிந்த ஸ்பிரிங் விரல்கள். ரிலீஸ் பேரிங் அழுத்தி அழுத்தி விரல் நுனிகளில் பளபளவென்று பள்ளம் விழுந்திருந்தது; நகம் வைத்தால் நிற்கும். கிளட்ச் பிளேட்டில் லைனிங் தேய்ந்து ரிவிட் தலைகள் மேலே வந்துவிட்டன. பிளேட் மெலிந்தால் பிரஷர் பிளேட் ஃபிளைவீல் பக்கம் நகரும். ஸ்பிரிங் விரல்கள் பேரிங் பக்கம் எழுந்துகொள்ளும். அந்த நிலையில் அமுக்க ஆரம்பிக்கும்போது ஸ்பிரிங் கூடுதலாக எதிர்க்கிறது. தேய்ந்த பொருள் இளகும் என்றுதான் நினைப்போம். இங்கே தேய்மானம் காலுக்குப் பாரமாக வருகிறது. மெல்ல மெல்ல ஏறுவதால் ஓட்டுகிறவர் கண்டுகொள்வதில்லை, கால் பழகிவிடுகிறது. பெரியவரும் மூட்டுத் தேய்மானம் என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுஸிங்கில் படிந்த கரும்பொடியைப் பையன் வாயால் ஊதினான். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு; நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைக்கலாமே என்றேன். மேஸ்திரி தலையாட்டினார். அடுத்த ஊதல் அவருடையது. இந்த ஒரு விஷயத்தில் பட்டறைகள் ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கின்றன என்பது எனக்குப் புரிவதேயில்லை.

புதுப்பிளேட்டை நடுவில் நிறுத்த அவர் எடுத்தது ஒரு பழைய கியர்பாக்ஸின் ஷாஃப்ட். அதைச் செருகி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். வண்டியின் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் பிளேட் உட்காரும் பள்ளங்களில் கிரீஸை விரல் நுனியால் தடவி, மிச்சத்தைத் துடைத்தெடுத்தார். அதிகமானால் சுழலும்போது தெறித்து லைனிங்கில் படும். பிறகு கிளட்ச் வழுக்கும். லீவர் தண்டின் புஷ்ஷும் வறண்டிருந்தது. அதையும் மாற்றி, பிடிக்கிற பழைய கேபிளைக் கழித்துப் புதியது போட்டார். காலை எடுத்த நிலையில் கேபிளில் சற்றுத் தளர்ச்சி இருக்கும்படி நட்டை வைத்தார். தளர்ச்சியே இல்லாவிட்டால் பேரிங் ஓயாமல் ஸ்பிரிங்கில் உட்கார்ந்து சீக்கிரம் போய்விடும்.

பில்லைப் பார்த்துப் பெரியவர் கேட்டார்: “அந்த ஊர்ல சொன்னதைத்தானே நீங்களும் செஞ்சீங்க?”

“ஆமா சார். ஆனா அந்த புஷ்ஷ விட்டிருந்தா, அடுத்த வருஷம் திரும்ப இதே கதைதான்” என்ற மேஸ்திரி, தான் பிடித்துவைத்திருந்த சாவியைக் கொடுத்தார். “இனி திம்பம் ஏறும்போது லாரிய ஒட்டிப் போகாதீங்க. ஹாஃப் கிளட்ச்சுல நிறுத்தாம ஹேண்ட் பிரேக் போட்டு எடுங்க. புதுப்பிளேட், கொஞ்ச நாளைக்குப் பதமா ஓட்டுங்க.”

பெரியவர் ஏறி ஒருமுறை மிதித்துப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டு அவரையும் மிதிக்கச் சொன்னார். அந்த அம்மாள், “இவ்வளவு லேசாவா இருக்கும்? அப்ப நானும் ஓட்டியிருப்பேனே” என்றார்.