புறா டிவியில இருக்கு

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வரமுடியல. இன்னைக்கு எங்க வீட்டு வாண்டு கதை.

புனேல எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேர் பேசறதுதான் தமிழ். வேலைக்கு வர்ற அக்காகிட்ட மராத்தி, கீழ விளையாடப் போனா ஹிந்தி. அதனால பொண்ணுக்கு ரெண்டு வயசு முடிஞ்சதும் தமிழ்ப் பாட்டு வீடியோ போட ஆரம்பிச்சோம். உண்மையைச் சொல்லணும்னா தமிழ் பாதிக் காரணம்தான். நான் குக்கர் வெச்சு முடிக்கற வரைக்கும் அவ ஒரு இடத்துல உக்காரணுமேங்கறது மீதி.

நல்லாத்தான் போச்சு. மூணு வயசுல காக்கா, குருவி, மயில், புறான்னு பறவைப் பாட்டு முழுசையும் மூச்சுவிடாம பாடினா. எனக்கும் தங்கமணிக்கும் ஒரே பெருமை.

போன மாசம் திருநெல்வேலியிலேர்ந்து அம்மா வீடியோ கால்ல வந்தாங்க. பால்கனி கம்பியில ஒரு புறா. "கபூதர், கபூதர்"னு இவ குதிச்சா. "அது புறால்லா தங்கம்"னாங்க அம்மா. இவ நிதானமா சொல்றா: "இல்ல ஆச்சி. புறா டிவியில இருக்கு. இது கபூதர்."

அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. கபூதர்னு அந்த அக்கா கையைக் காட்டிச் சொல்லியிருக்காங்க. புறான்னு காட்ட நாங்க யாரும் பக்கத்துல இல்ல.

சின்னப் பசங்க ஸ்கிரீன்லேர்ந்து கத்துக்கறதைவிட நேர்ல ஒரு ஆள் சொல்லித்தான் அதிகம் கத்துக்கறாங்கன்னு ஆராய்ச்சியாளருங்க ரொம்ப நாளா சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல, 2லேர்ந்து 4 வயசு வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம்னு சொல்லுச்சு. நம்மூர் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 வயசு வரைக்கும் கூடவே கூடாதுங்குது. எப்பவாவது சொந்தக்காரங்களோட வீடியோ கால் பேசறது மட்டும் விதிவிலக்கு. ஆக, ஆச்சிக்கு அனுமதி உண்டு!

வீடியோவை நாங்க நிறுத்தல. இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டு, கூட யாராவது ஒருத்தர் உக்காரணும். புறா வந்தா பாட்டை நிறுத்திட்டு பால்கனிக்கு ஓட்டம். அப்புறம் குளிப்பாட்டும்போது அதே பாட்டு, டிவி இல்லாம, என்னோட கர்ண கொடூரக் குரல்ல.

நேத்து காலையில என்னை உலுக்கி எழுப்பினா. "அப்பா, புறா வந்திருக்கு!"

என்ன, குக்கர்தான் இப்பல்லாம் லேட்டா விசில் அடிக்குது.