எத்தாளையில் மீனில்லாமல் ஒரு சாப்பாடு

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. எத்தாளையில் மீன், முட்டை, பால் இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறாய் என்று என்னைக் கேட்கிறார்கள். கற்பிட்டிப் பக்கத்து மணலில் கிணற்றுத் தண்ணீர் இறைத்தே வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிறார்கள். தேங்காய்க்கும் பஞ்சமில்லை. சொதி, பருப்பு, பலாக்காய்க் கறி எல்லாம் தேங்காய்ப்பாலில்தான். மாட்டுப்பால் தேவையே இல்லை.

கவனிக்க வேண்டியது மாசி என்கிற உலர்ந்த மீன். சம்பலில் தூளாகக் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "நானா, மாசி போடாத சம்பல் கிடைக்குமா?" என்றால் கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் இடித்து, தேங்காய்ப்பூ பிசைந்து, தேசிக்காய் பிழிந்து உடனே தருவார். இடியப்பத்தோடு அமிர்தம்!

பெருநாளுக்கு அயல்வீட்டு வட்டிலப்பம் வந்தால் மட்டும் மறுக்கமாட்டேன். அதில் முட்டை இருக்கிறதுதான்; ஆனாலும் தருகிற ராத்தாவின் அன்பு எனக்கு அதைவிடப் பெரிது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் மீனில்லாத சாப்பாடு வேண்டுமென்று வாய்விட்டுக் கேளுங்கள், கிடைக்கும்.