விழித்திருந்த ஒருவன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்தால், பதுங்கித் தாக்கும்போதுதான் பஞ்சாயத்து. 2014 விதிப்படி, ஆபத்தைக் கவனிக்காதவர் முதல் டர்னில் நகரவும் முடியாது, அடிக்கவும் முடியாது. 2024-ல் தண்டனை குறைந்தது: வரிசைக்கு இரண்டு பகடை உருட்டி, சின்ன எண்ணை எடுக்க வேண்டும். ஆனால் இரண்டிலுமே ஏமாறுவது கூட்டம் இல்லை, தனித்தனி ஆள். அதை மறப்பதால்தான் சண்டையே!

வைகைக்கரைக்காரர்களுக்கு இது புரியும். தொல்காப்பியம் சொல்லும் வெட்சி, களவாகப் போய் ஆநிரை கவர்வது. பத்துக் காவலரில் ஒன்பது பேர் தூங்கினாலும் விழித்திருந்த ஒருவன் வில்லை எடுப்பான். அவனையும் உறைந்து நில் என்றால் நியாயமா?

ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல்லில் 'ஆகோள்' என்றே தமிழியில் வெட்டியிருக்கிறது. மேஜையில் போவது ஒரு டர்ன். அங்கே போனது உயிர். ஆட்டம் நடத்துபவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: யார் யார் பார்த்தார்கள்?