ஒரு பெட்டிக்குள் பத்துக் கணினிகள்

தண்பொருநை நதி புன்னைக்காயலில் கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னே, வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ அமைந்தது எமது ஆத்தூர். ஒருபுறம் பழம்பெருங் கொற்கை; மறுபுறம் காயல்பட்டினம்; கிழக்கே முத்து விளைந்த மன்னார் வளைகுடா. இவ்வூர் வெற்றிலை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய ஊரின் ஒரு வீட்டில் கணினிக் கூடம் அமைத்த கதையைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். படித்து முடித்தபின் அவர்களே அதற்கு விடை காணட்டும்.

வளவு வீடும் மெய்நிகர்க் கணினியும்

பல்லாண்டுகள் வெளிநாட்டில் கணினி வலையமைப்புப் பணியாற்றிய நாம், 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பினோம். கற்ற தொழில் கைவிட்டுப் போகாதிருக்கவும், ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு அதைக் கற்பிக்கவும் வீட்டிலேயே ஒரு பயிற்சிக்கூடம் அமைக்க எண்ணினோம். பத்துக் கணினிகள் வேண்டும். கையிலோ ஒன்று வாங்கவே பணம் இருந்தது. இந்த இடத்தில்தான் மெய்நிகராக்கம் என்னும் கலை துணைக்கு வந்தது.

ஒரே இயந்திரத்தின் நினைவகத்தையும் செயலியையும் வட்டையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தன்னையே ஒரு முழுக் கணினியாக எண்ணி இயங்கும்படி செய்வதே மெய்நிகராக்கம். பங்கீட்டைக் கண்காணிக்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர். இதை விளக்கக் கேட்ட நம் ராத்தாவின் மகன், "மாமா, ஒரு வளவுக்குள்ள பத்துக் குடித்தனம் இருக்கிற மாதிரில்லா இருக்கு!" என்றான். அதனினும் நல்ல விளக்கத்தை நாம் எந்நூலிலும் கண்டதில்லை. குடித்தனத்துக்கு ஓர் அடுப்பு, ஒரு பூட்டு. ஆனால் கிணறும் முற்றமும் பொது. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால் அடுத்த வீடு பட்டினி கிடப்பதில்லை.

இக்கலை புதிதன்று. 1960-களிலேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தனர். 1972-இல் அது வி.எம்./370 என்னும் பெயரில் வெளிவந்தது. பெருங் கணினிகள் பெருஞ்செல்வர்க்கே உரியனவாயிருந்த காலம் அது. 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் இதனைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொணர்ந்தது. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் தம் செயலிகளிலேயே இதற்கு வழி அமைத்தன. 2007-இல் கே.வி.எம். என்னும் பெயரில் லினக்சின் உட்கருவிலேயே இது இடம்பெற்றது. அன்று முதல் எந்த ஏழை மாணவனும் காசின்றிப் பயிலக்கூடிய கலையாயிற்று.

கூடம் உருவான விதம்

அலுவலகமொன்று கழித்துவிட்ட பழைய சர்வர் ஒன்றைச் சென்னையில் விலைக்கு வாங்கினோம். 64 ஜி.பி. நினைவகமும் இரண்டு வன்வட்டுகளும் பொருத்தினோம். கே.வி.எம்.மை அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளை நிறுவி, பத்து மெய்நிகர்க் கணினிகளை எழுப்பினோம். ஒன்று கோப்புக் களஞ்சியம். ஒன்று வலையமைப்பின் காவற்கதவு. எஞ்சியவை பிள்ளைகள் பிழை செய்து பழகுவதற்கு. பிழை செய்யலாம் என்பதே இக்கூடத்தின் பெருஞ்சிறப்பு. முன்நிலையைப் பதிந்துகொண்டபின் ஒரு மாணவன் முழுக் கணினியையே அழித்தாலும், சில நிமிடங்களில் அது பழையபடி எழுந்து நிற்கும்.

இடர்களும் இல்லாமலில்லை. சர்வர் சும்மா இருக்கும்போதே 150 வாட் மின்சாரம் உண்டது. நாளொன்றுக்கு 3.6 யூனிட், இரு மாதக் கணக்கில் 216 யூனிட். மின் கட்டணத்தைக் கண்ட உம்மா, "இது பெட்டியா, இன்னொரு குடும்பமா?" என்று கேட்டார்கள். உப்புக் காற்றால் இணைப்பு முனைகள் களிம்பேறின. திங்களுக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. மின்தடைக்கு இன்வெர்ட்டர் காவலிருந்தது. சர்வரின் இரைச்சல் மாடியில் உறங்குவோரை எழுப்பியதால், அதனைக் கீழ்த்தளத்து முன்னறையில் தரையிலேயே வைத்தோம். அந்தச் சிறு முடிவே பின்னர்ப் பெரும் விலை கேட்டது.

குரல்களின் களஞ்சியம்

தமிழ் பயின்ற பழைய ஆசை நம்மை விடவில்லை. கொடிக்கால் உழவரிடமும் கடல் தொழிலாளரிடமும் வழங்கும் தொழிற்சொற்களை அவர்தம் குரலிலேயே பதிவு செய்யத் தொடங்கினோம். அகத்திக்கால், கவுளி, மாத்து, ராசி எனக் கொடிக்காலில் ஓர் அகராதியே விளைந்து கிடந்தது. புன்னைக்காயலில் 85 வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில் இளைஞராய்க் கடலில் இறங்கியவர். பார், சலாபம், கடற்கட்டி என்னும் சொற்கள் அவர் வாயில் நூற்சொற்களாக அல்ல, நேற்றைய நிகழ்ச்சிகளாக வந்தன. மூச்சடக்கும் விதத்தைச் சொல்லும்போது அவரே மூச்சடக்கிக் காட்டுவார்; பதிவில் அந்த அமைதியும் இருந்தது.

இவ்வாறு 43 பதிவுகள் சேர்ந்தன. ஒரு நாள் அவர், "தம்பி, நான் சொன்னதெல்லாம் பத்திரமா இருக்குமா?" என்று கேட்டார். "இருக்கும் ஐயா, ரெண்டு இடத்துல இருக்கு" என்றோம். ஒரே பெட்டிக்குள் இருந்த இரண்டு வன்வட்டுகளையே இரண்டு இடம் என்றோம். பொய் சொல்லும் எண்ணம் நமக்கில்லை. அதை மெய்யென்றே நம்பியிருந்தோம். 2022-இல் அப்பெரியவர் காலமானார்.

டிசம்பர் வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 நாள்களை இம்மாவட்டத்தார் மறக்கவியலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருவைகுண்டத்தில் திருச்செந்தூர் இரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்திடையே நின்றது. தண்பொருநை கரை மறந்து ஓடியது. அன்றிரவு வீட்டினுள் நீர் புகுந்தபோது உம்மாவை மாடிக்கு ஏற்றுவதே நம் முதற்கடமையாயிற்று. அரிசி மூட்டையையும் குடிநீர்க் குடத்தையும் தூக்கினோம். மீண்டும் படியிறங்கிய வேளையில், இன்வெர்ட்டர் ஊட்டிய மின்சாரத்தில் சர்வரின் பச்சை விளக்கு நீருக்குள் எரிந்துகொண்டிருந்தது. பின் அணைந்தது.

வளவில் வெள்ளம் புகுந்தால் எல்லாக் குடித்தனமும் மூழ்கும். பத்துக் கணினிகளும் ஒரே நொடியில் மாண்டன. உயிரிழந்தோரும் வீடிழந்தோரும் இருந்த அந்நாள்களில் நம் இழப்பை வாய்விட்டுச் சொல்லவும் நாணினோம். நீர் வடிந்தபின் வன்வட்டுகளைச் சென்னைக்குக் கொண்டுசென்று மீட்பு வல்லுநர் ஒருவரிடம் கொடுத்தோம். சேறு புகுந்த தட்டுகளிலிருந்து அவராலும் எதையும் மீட்க முடியவில்லை.

சென்னையில் வேலை பார்த்து வந்த மருமகன், பேருந்தில் கேட்பதற்கென 11 பதிவுகளை முன்னரே ஒரு பென் டிரைவில் எடுத்துச் சென்றிருந்தான். அவை மட்டுமே எஞ்சின. அவற்றுள் முத்துக்குளித்த பெரியவரின் பதிவு மூன்று. மூச்சடக்கிக் காட்டிய பதிவு அவற்றில் இல்லை.

ஏடுகள் புகட்டும் பாடம்

ஆத்தூருக்கு மேற்கே இதே ஆற்றங்கரையில் உள்ளது ஆழ்வார்திருநகரி. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி அவ்வூருக்கு வந்ததைத் தமிழ் மாணவர் அறிவர். 1889-இல் அந்நூல் அச்சேறியது. ஓரூர் ஏட்டைச் செல் அரித்தாலும் வேற்றூர் ஏட்டில் பாடம் இருந்தது. ஒன்றில் சிதைந்த அடியை மற்றொன்று காட்டியது. நம் முன்னோர் ஏட்டைப் பெயர்த்தெழுதி வெவ்வேறு ஊர்களில் வைத்திருந்தமையால் அன்றோ இன்று நமக்குச் சங்க நூல்கள் உள்ளன? இதையே இக்காலக் கணினியாளர், படிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்று விதியாகக் கூறுவர். பணியிடத்தில் பிறர்க்குப் பலமுறை ஓதிய அவ்விதியை நாம் நம் வீட்டில் கைக்கொள்ளவில்லை. ஒரு வட்டு பழுதுற்றால் இணைவட்டு காக்கும். வெள்ளத்துக்கும் தீக்கும் திருட்டுக்கும் இரண்டும் ஒன்றே.

2024-இல் கூடத்தை மீண்டும் அமைத்தோம். இம்முறை பெரிய சர்வர் இல்லை. குறைந்த மின்சாரம் உண்ணும் பழைய சிறு கணினிகள் இரண்டு, மாடியறையில், ஆளுயரப் பலகையின் மேல். ஒரு படி திருநெல்வேலியில் ராத்தா வீட்டில் உள்ளது. மற்றொன்று மருமகனிடம் சென்னையில். திங்கள்தோறும் முதல் வெள்ளிக்கிழமை மாலையில், பிள்ளைகளில் ஒருவர் அயலூர்ப் படியிலிருந்து ஏதேனுமொரு பதிவை மீட்டெடுத்து ஒலிக்கச் செய்ய வேண்டும். மீட்டுப் பாராத படி, படியே அன்று என்பது கூடத்தின் விதி. கொடிக்கால் உழவர்களிடம் மறுபடியும் சென்று பதிவு செய்துவருகிறோம். அவர்கள் சலிப்பின்றிச் சொல்கிறார்கள். புன்னைக்காயல் பெரியவரிடம்தான் செல்ல இயலாது.

அன்பு மாணவர்களே! உங்கள் வீட்டு மூத்தோர் குரலும், பழங்கணக்கு நோட்டும், திருமணப் பாடலும் இன்று உங்கள் கைப்பேசி ஒன்றில் மட்டுமே இருக்கக்கூடும். மெய்நிகர் என்று நாம் அழைப்பதும் ஏதோ ஓர் அறையில், ஏதோ ஒரு மெய்ப்பொருளின்மேல்தான் நிற்கிறது. இன்றிரவே ஒரு படி எடுத்து அயலூர் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். "பத்திரமாக இருக்குமா?" என்று ஒரு முதியவர் கேட்டால், "இருக்கும்" என்னுமுன் ஒருமுறை எழுந்து சென்று பார்த்துவிட்டு விடை கூறுங்கள்.